பொய் பில்லுக்குக் காசு கட்டுவது யார்?

மருந்து மோசடி, வைத்தியசாலை மோசடி என்று பேச்செடுத்தால் நமது வியாபாரிகளில் பலர், "அது அமைச்சர்மாரும் பெரிய கம்பனிகளும் செய்கிற வேலை, கடை வைத்திருக்கிற நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்றுதான் கேட்கிறார்கள். சம்பந்தம் இருக்கிறது. எவ்வளவு பெரிய மோசடியாக இருந்தாலும் அது காகிதத்தில்தான் நடக்கிறது. ஒரு பில், ஒரு கொட்டேஷன், ஒரு கடிதத் தலைப்பு, ஒரு ரப்பர் முத்திரை. இவையெல்லாம் நமது மேசை லாச்சியில் இருக்கும் சாமான்கள். அதனால்தான் இந்த வாரம் இந்த விடயத்தை எடுத்துக்கொண்டேன்.

முதலில் நமது நாட்டில் நடந்ததைப் பார்ப்போம்.

மனித இம்யூனோகுளோபுலின் என்பது நன்கொடையாளர்கள் பலரின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்படும் மருந்து. உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும், சில நரம்பு நோய்களால் திடீரென்று கை கால் செயலிழந்தவர்களுக்கும், சில பிள்ளை நோய்களுக்கும் இதை ஊசி மூலம் ஏற்றுவார்கள். விலை கூடிய மருந்து. குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். இதை ஏற்றும் நிலைக்கு வந்த நோயாளி ஏற்கனவே ஆபத்தில் இருப்பவர்.

2022ஆம் ஆண்டில் நாட்டில் டொலர் இல்லை. மருந்துத் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தது. வழமையான கேள்விப்பத்திர நடைமுறைக்கு நேரமில்லை என்று அவசரக் கொள்வனவுகள் நடந்தன. பதிவு செய்யப்படாத மருந்துகளும் விசேட விலக்குக் கடிதத்தின் பேரில் உள்ளே வந்தன. இந்த அவசரத்துக்குள்தான் 22,500 இம்யூனோகுளோபுலின் குப்பிகளுக்கான கொள்வனவு நடந்தது. சுமார் 130 மில்லியன் ரூபாய் சம்பந்தப்பட்ட கொடுக்கல் வாங்கல் என்று சொல்லப்பட்டது. 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அந்த மருந்து ஏற்றப்பட்ட நோயாளிகளுக்கு ஒவ்வாமை ஏற்பட்டதாக வைத்தியசாலைகளிலிருந்து முறைப்பாடு வந்தது. மருந்து தரமற்றது என்று கண்டறியப்பட்டது. விசாரணை தொடங்கியபோது, ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பெயரிலிருந்த ஆவணங்களே போலியானவை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. உற்பத்தியாளர் என்று காட்டப்பட்ட இந்தியக் கம்பனியும், அந்த மருந்தைத் தாம் இலங்கைக்கு அனுப்பவில்லை என்று கூறியது.

விநியோகித்த கம்பனியின் உரிமையாளர், சுகாதார அமைச்சின் செயலாளராக இருந்தவர் உட்பட அதிகாரிகள் பலர், கடைசியில் 2024 பெப்ரவரி 2ஆம் திகதி முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹலிய ரம்புக்வெல்லவும் கைது செய்யப்பட்டார்கள். விடயம் நீதிமன்றத்துக்குப் போனது. யார் குற்றவாளி, யார் நிரபராதி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீதிமன்றமே தவிர நானல்ல. வியாபாரி என்ற வகையில் எனக்குத் தோன்றுவது வேறொன்று.

அந்தக் குப்பிகள் நோயாளியின் கையில் ஏறுவதற்கு முன்பு எத்தனை மேசைகளைத் தாண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கொள்வனவுப் பிரிவு, அதிகாரசபை, சுங்கம், களஞ்சியம், கணக்குப் பிரிவு, வைத்தியசாலை. ஒவ்வொரு மேசையிலும் ஒரு கையெழுத்து. "முதல் மேசையில் பார்த்திருப்பார்கள்" என்று இரண்டாவது மேசை நினைத்தால், "இரண்டு கையெழுத்து இருக்கிறதே" என்று மூன்றாவது மேசையும் விட்டுவிடும். உற்பத்தியாளருக்கு ஒரு தொலைபேசி அழைப்போ ஒரு மின்னஞ்சலோ அனுப்பி, "இந்தத் தொகுதி இலக்கம் உங்களுடையதா?" என்று நேரடியாகக் கேட்டிருந்தால் விடயம் அன்றைக்கே வெளிவந்திருக்கக் கூடும்.

சட்டம் இல்லாத நாடல்ல இது. பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்தது. மருந்தைப் பொது மக்களுக்குக் கட்டுப்படியான விலையில் கொடுக்க வேண்டும் என்ற அவருடைய கொள்கையை உலகமே படித்தது. 2015இல் 5ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை வந்தது. 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச சில்லறை விலை நிர்ணயிக்கப்பட்டது. ஆனால் 2021இல் அதே அதிகாரசபையின் கணினித் தரவுகள் பெருமளவில் அழிந்துபோய் அதற்கும் ஒரு விசாரணை நடந்தது. சட்டம் புத்தகத்தில் இருப்பது ஒரு பக்கம். அன்றாடம் அதைப் பேணுவது இன்னொரு பக்கம். இன்று நான் பேச வந்தது இரண்டாவது பக்கத்தைப் பற்றி.

நமது மேசைக்கு வருவது

எனது தொழில் துணி. வெள்ளவத்தையில் கடை, கொட்டாஞ்சேனையில் சிறு களஞ்சியம். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாய் போன்றவற்றை மொத்தமாகக் கொடுப்பதால் தனியார் வைத்தியசாலைகளிலிருந்தும் சில நேரம் ஓடர் வரும். சில வருடங்களுக்கு முன்பு ஒரு தனியார் வைத்தியசாலைக்குச் சாமான் கொடுக்கும் இடைத்தரகர் ஒருவர் கடைக்கு வந்தார். நல்ல மரியாதையான ஆள்.

"ஹாஜியார், உங்கட லெட்டர் ஹெட்டில ஒரு கொட்டேஷன் தேவைப்படுது. நான் போடுற விலைய விட நூறு ரூபா கூட்டிப் போட்டுத் தந்தாப் போதும்."

"ஓடர் எனக்கா?"

"இல்ல ஹாஜியார், ஓடர் எங்களுக்குத்தான். மூணு கொட்டேஷன் இருந்தாத்தான் அவங்கட கணக்குப் பகுதி பாஸ் பண்ணும். சும்மா ஒரு உதவிதானே."

நான் கொடுக்கவில்லை. தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். ஆனால் அவர் போன பிறகு நான் யோசித்துப் பார்த்தேன். எனக்குக் காசு கேட்கவில்லை, என்னைக் களவெடுக்கச் சொல்லவில்லை. ஒரு தாளைத்தான் கேட்டார். அந்தத் தாள் போய்ச் சேர்ந்தால், மூன்று பேர் போட்டியிட்டு மலிவான விலையே தெரிவானது என்று கோவையில் பதிவாகிவிடும். உண்மையில் போட்டியே நடக்கவில்லை. கூடிய விலையைக் கடைசியில் யார் கட்டுவது? அந்த வைத்தியசாலையில் படுத்திருக்கும் நோயாளி. அவருடைய அறை வாடகையில் அது ஏறிவிடும். நமது சந்தையில் "உதவி" என்ற பெயரில் இப்படி எத்தனை தாள்கள் கைமாறுகின்றன என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று பாமசியில் நடப்பது. கொட்டாஞ்சேனைப் பக்கம் பாமசி நடத்தும் ஒரு நண்பர் சொன்னார். மாதக் கடைசியில் சில வாடிக்கையாளர்கள் வருவார்களாம். பால்மா, ஷாம்பு, குழந்தைப் பவுடர் எல்லாம் எடுத்துவிட்டு, "நானா, இதையும் மருந்தெண்டு எழுதித் தாங்கோ, கொம்பனிதானே காசு கட்டுறது" என்பார்களாம். வேலைத்தளத்தில் வருடத்துக்கு இவ்வளவு என்று மருத்துவச் செலவு திருப்பிக் கொடுப்பார்கள். வருடம் முடிவதற்குள் அந்தத் தொகையை எடுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் அவசரம். மறுத்தால் அடுத்த பாமசிக்குப் போய்விடுவார்கள். நண்பரின் கவலை அதுதான்.

இதில் யாருக்கு நட்டம் என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முப்பது பேர் வேலை செய்யும் ஒரு கம்பனியில் பத்துப் பேர், வருடத்துக்கு ஆளுக்கு 10,000 ரூபாய் இப்படிப் பொய் பில்லில் எடுத்தால் 100,000 ரூபாய். காப்புறுதிக் கம்பனி சும்மா இருக்காது. அடுத்த வருடம் தவணைப் பணத்தைக் கூட்டும். முதலாளி, "இந்தத் திட்டமே வேண்டாம்" என்று நிறுத்துவார், அல்லது எல்லைத் தொகையைக் குறைப்பார். அப்போது பால்மா வாங்கியவருக்குப் பெரிய பாதிப்பு இல்லை. உண்மையாகவே மாதா மாதம் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுக்கும் ஊழியர்தான் மாட்டிக்கொள்வார். பொய் பில்லுக்குக் காசு கட்டுவது அவர்தான்.

ஆய்வுகூடங்கள் நோயாளியை அனுப்புகிறவருக்குக் கமிஷன் கொடுப்பது, மருந்துக் கம்பனி வைத்தியருக்கு வெளிநாட்டுப் பயணம் போட்டுக் கொடுப்பது, வைத்தியசாலைக் கொள்வனவு அதிகாரிக்கு விநியோகித்தவர் "சந்தோஷம்" கொடுப்பது, எல்லாமே இதே வகைதான். பெயர்கள் மட்டும் வேறு.

இங்கே ஒரு சட்ட விடயத்தைக் கவனிக்க வேண்டும். முன்பெல்லாம் இலஞ்சம் என்றால் அரச உத்தியோகத்தருக்குக் கொடுப்பது என்றே பலரும் எண்ணியிருந்தோம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறையில் கொடுக்கும், வாங்கும் இலஞ்சத்தையும் குற்றமாக்கியது. தனியார் வைத்தியசாலையின் கொள்வனவு அதிகாரிக்கு ஓடருக்காகக் கொடுக்கும் "சந்தோஷம்" இப்போது வியாபார வழக்கம் அல்ல, வழக்குப் போடக்கூடிய விடயம். பழைய பழக்கத்தில் இருப்பவர்கள் இதை ஒருமுறை தமது சட்டத்தரணியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பெரியவர்கள் கற்ற பாடம்

இந்த நோய் நமக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் நடந்தபோது, இராணுவத்துக்குப் பழுதான சாமான்களைக் கொடுத்துக் காசு வாங்கிய வியாபாரிகளைப் பிடிப்பதற்காக 1863இல் ஜனாதிபதி லிங்கன் காலத்தில் பொய்க் கோரிக்கைச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். மோசடியை அறிந்து வழக்குத் தொடுப்பவருக்கு மீட்கப்படும் பணத்தில் ஒரு பங்கு கொடுக்கும் சட்டம் அது. இன்று அந்தச் சட்டத்தில் சிக்குகிறவர்களில் பெரும்பகுதி மருத்துவத் துறையினர்தான்.

அங்கே எச்.சி.ஏ. என்ற மிகப் பெரிய தனியார் வைத்தியசாலைக் கம்பனி, அரசாங்கத்தின் முதியோர் மருத்துவத் திட்டத்துக்குப் பொய்யாகவும் கூட்டியும் பில் போட்டது என்று 1997இல் அதன் அலுவலகங்கள் சோதனையிடப்பட்டன. 2000ஆம், 2003ஆம் ஆண்டுகளில் செய்துகொண்ட இணக்கப்பாடுகளின்படி அது கட்ட வேண்டி வந்த மொத்தத் தொகை சுமார் 1.7 பில்லியன் டொலர். காசு கட்டியதோடு விடயம் முடியவில்லை. பல வருடங்களுக்குக் கம்பனிக்குள்ளேயே ஒழுங்கு பேணும் திட்டம் ஒன்றை நடத்துவோம், அதைப் பற்றி அறிக்கை கொடுப்போம் என்று எழுதிக் கொடுக்கவும் வேண்டி வந்தது. இதைத்தான் கொம்ப்ளயன்ஸ் புரோகிராம் என்கிறார்கள்.

நமக்குப் பக்கத்து உதாரணம் இந்தியாவின் ரன்பக்ஸி. ஒரு காலத்தில் நமது பாமசித் தட்டுகளிலும் நன்கு தெரிந்த பெயர். கம்பனியில் வேலை செய்த தினேஷ் தாக்கூர் என்ற பொறியியலாளர், மருந்துகளை அங்கீகரிப்பதற்காக வெளிநாட்டு அதிகாரிகளுக்குக் கொடுத்த பரிசோதனைத் தரவுகளில் பொய் இருப்பதைக் கண்டுபிடித்தார். உள்ளே சொல்லிப் பலனில்லை என்றானதும் 2005இல் வேலையை விட்டுவிட்டு அமெரிக்க அதிகாரிகளுக்கு அறிவித்தார். 2013 மே மாதத்தில் ரன்பக்ஸி குற்றத்தை ஒப்புக்கொண்டு 500 மில்லியன் டொலர் கட்டச் சம்மதித்தது. தாக்கூருக்கு அதில் 48 மில்லியன் டொலருக்கு மேல் பங்கு கிடைத்தது. இதற்கிடையில் 2008இல் கம்பனியை வாங்கிய ஜப்பானியர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். 2015இல் அது சன் பார்மாவுடன் சேர்ந்து, தனிக் கம்பனியாக இல்லாமலே போனது. உள்ளே இருந்த ஒருவர் சொன்னபோதே காது கொடுத்திருந்தால், அந்தப் பெயர் இன்றும் இருந்திருக்கலாம்.

கடை அளவுக்கு ஏழு காரியங்கள்

ஒழுங்கு பேணும் திட்டம் என்றால் கண்ணாடி அறை, கோட் சூட், பெரிய கோவை என்று பயப்பட வேண்டாம். அமெரிக்க சுகாதாரத் திணைக்களத்தின் பரிசோதகர் அலுவலகம் 1998இல் வைத்தியசாலைகளுக்கு இதற்கான வழிகாட்டியை வெளியிட்டது. 2000ஆம் ஆண்டில் சிறிய வைத்திய நிலையங்களுக்கென்று தனியாக இன்னொன்று வெளியிட்டு, சின்ன இடங்கள் தமது அளவுக்கு ஏற்றபடி படிப்படியாகச் செய்தால் போதும் என்றது. அதிலுள்ள ஏழு அம்சங்களை நமது கடை அளவுக்கு வெட்டித் தைத்துத் தருகிறேன்.

ஒன்று, எழுதி வையுங்கள். ஒரே ஒரு பக்கம் போதும். "விற்காத சாமானுக்குப் பில் எழுத மாட்டோம். சாமானின் பெயரையும் திகதியையும் மாற்றி எழுத மாட்டோம். போட்டியிடாத ஓடருக்குக் கொட்டேஷன் கொடுக்க மாட்டோம். ஓடருக்காக யாருக்கும் கையில் கொடுக்க மாட்டோம்." இதைக் காசு மேசைக்குப் பின்னால் ஒட்டுங்கள். கேட்பவரிடம் நீங்கள் வாய் திறக்க வேண்டியதில்லை, சுவரைக் காட்டினால் போதும். எனது பாமசி நண்பரும் இதைத்தான் செய்தார். இரண்டு மூன்று வாடிக்கையாளர்கள் போனார்கள், கடை போகவில்லை.

இரண்டு, ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். பில் புத்தகம், லெட்டர் ஹெட், முத்திரை மூன்றும் யாருடைய பொறுப்பு என்பது தெளிவாக இருக்கட்டும். லெட்டர் ஹெட்டுக்கும் தொடர் இலக்கம் போட்டு வையுங்கள். காசு எடுப்பவரே கணக்கும் எழுதுவது கூடாது.

மூன்று, சொல்லிக் கொடுங்கள். புதிதாக வரும் பொடியனுக்குத் துணி மடிக்கச் சொல்லிக் கொடுக்கிறோம், பில் எழுதும் ஒழுங்கைச் சொல்லிக் கொடுப்பதில்லை. பாமசி என்றால் தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, பதிவு இலக்கம், குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலை ஆகியவற்றைப் பார்க்கப் பழக்க வேண்டும். பில் இல்லாமல் பையில் கொண்டுவரும் மருந்தை, எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்கக் கூடாது.

நான்கு, காதைத் திறந்து வையுங்கள். கடையில் தவறு நடந்தால் அதை முதலில் அறிவது முதலாளி அல்ல, கடைசி வரிசையில் நிற்கும் ஊழியர்தான். அவர் பயமில்லாமல் சொல்ல வழி இருக்க வேண்டும். சொன்னவரையே "கோள் சொல்லி" என்று ஒதுக்கினால் அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஐந்து, எடுத்துப் பாருங்கள். மாதத்துக்கு ஒரு நாள், கண்ணை மூடிக்கொண்டு பத்து பில்லை இழுத்தெடுத்து, சாமான் புத்தகத்தோடும் வங்கிக் கணக்கோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். அரை மணித்தியால வேலை. உங்கள் ஊழியர்களுக்கு மருத்துவச் செலவு கொடுக்கிறீர்கள் என்றால் அந்தப் பில்களையும் இப்படிப் பாருங்கள். ஒரே பாமசியிலிருந்து ஒரே தொகைக்கு அடுத்தடுத்த இலக்கங்களில் பில் வந்தால் விசாரியுங்கள்.

ஆறு, எல்லோருக்கும் ஒரே சட்டம். இதுதான் நமது கடைகளில் கஷ்டமான இடம். வெளியாள் பொய் பில் எழுதினால் வேலையை விட்டு நிறுத்துகிறோம். மச்சினனோ மருமகனோ எழுதினால் "சின்னப் பிள்ளைத்தனம்" என்று மூடிவிடுகிறோம். அன்றைக்கே சுவரில் ஒட்டிய தாளின் மரியாதை போய்விடும்.

ஏழு, தெரிந்தவுடன் திருத்துங்கள். தவறான பில் போனது என்று தெரிந்தால் நீங்களே கூப்பிட்டுச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். சந்தேகமான மருந்து என்றால் விற்பனையை உடனே நிறுத்தித் தனியாக வைத்து அதிகாரசபைக்கு அறிவியுங்கள். இலஞ்சம் கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கம் இருக்கிறது. பாவனையாளர் முறைப்பாட்டுக்கு 1977.

நம்பிக்கை இல்லையா?

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வரும் பதில், "இருபது வருடம் என்னோடு இருக்கிற ஆளை எப்படிப் பரிசோதிப்பது? அவர் மனம் நோகாதா?" என்பது. நியாயமான கேள்விதான். நமது வியாபாரம் நம்பிக்கையில் வளர்ந்தது. புறக்கோட்டையில் ஒரு வார்த்தையின் பேரில் இலட்சக் கணக்கில் சரக்குக் கொடுத்த காலத்தை நாம் பார்த்தவர்கள்.

ஆனால் கடன் கொடுக்கும்போது எழுதி வைத்துக்கொள்ளும்படியும் சாட்சி வைத்துக்கொள்ளும்படியும் மார்க்கம் நமக்குச் சொல்லியிருக்கிறது. வாங்குகிறவர் கள்வன் என்பதால் அல்ல. மறதி வரும், மௌத்து வரும், ஷைத்தான் நடுவில் வருவான். எழுத்து இரண்டு பேரையும் பாதுகாக்கிறது. மாதாந்தப் பரிசோதனையும் அப்படித்தான். இருபது வருடம் நேர்மையாக இருந்த ஊழியர் மீது நாளைக்கு யாராவது வீண் பழி போட்டால், அவரைக் காப்பாற்றப் போவது அந்தப் பத்து பில்லைப் பார்த்து நீங்கள் போட்ட கையெழுத்துத்தான். இதை அவருக்கு விளக்கிச் சொன்னால் அவர் மனம் நோகாது. முதலில் உங்கள் சொந்தச் செலவு வவுச்சரையும் அந்தப் பத்தில் ஒன்றாகப் போட்டு அவரையே பார்க்கச் சொல்லுங்கள், இன்னும் நல்லது.

நோயாளி என்பவர் மற்ற வாடிக்கையாளரைப் போலல்ல. துணி நன்றாக இல்லை என்றால் அவர் கடைக்குத் திரும்பி வந்து சண்டை பிடிப்பார். மருந்தை அவரால் பரிசோதிக்க முடியாது. வைத்தியசாலைப் பில்லில் இருக்கும் வரிகள் அவருக்கு விளங்காது. படுத்த இடத்திலிருந்து நம் எல்லோரையும் நம்பித்தான் கையை நீட்டுகிறார். அது அமானிதம். மருந்து விற்பவர் மட்டுமல்ல, அந்த வைத்தியசாலைக்குப் படுக்கை விரிப்பும் பிளாஸ்டிக் வாளியும் காகிதமும் கொடுக்கும் நாமும் அந்த அமானிதத்தில் பங்காளிகள்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். கடை மூடிய பிறகு மேசை லாச்சியைத் திறந்து, கையெழுத்துப் போட்டு வைத்த வெற்றுத் தாள், முத்திரை குத்திய வெற்றுப் பில், யாருக்காவது கொடுப்பதற்காக எடுத்து வைத்த கொட்டேஷன் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றிரவே கிழித்துப் போடுங்கள். பிறகு அந்த ஒரு பக்கத்தை எழுதத் தொடங்குங்கள்.